பள்ளத்தாக்கில் இறங்குமுன்

மலையேறுவோன் முதலில் மேலேறிப் பின்னர்க் கீழிறங்குவான். உடல் களைத்த வேளையில் அவனுக்கு இறக்கமே எஞ்சி நிற்கும். ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் செல்வோனது நிலை இதற்கு நேர்மாறானது. இறங்குங்கால் கால்கள் தாமே விரைகின்றன. வலிமை குன்றிய பின்னரே ஏற்றம் எதிர்ப்படுகின்றது. ஆகலின், பள்ளத்தாக்குப் பயணத்தைத் திட்டமிடுவோர் திரும்பும் வழியையே முதற்கண் எண்ணுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு அறுத்தமைத்த ‘கிராண்ட் கேன்யன்’ என்னும் பெரும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுதி. 1869 ஆம் ஆண்டில் ஜான் வெஸ்லி பவல் என்பார் ஒன்பது துணைவருடன் நான்கு படகுகளில் அவ்வாற்று நெறியை ஆராயப் புறப்பட்டார். தொடக்கத்திலேயே ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த உணவுப் பொருள்களும் வெள்ளத்திற் போயின. பெரும் பள்ளத்தாக்கினை அடைந்தபொழுது உணவு அருகியிருந்தது. துணிவு மிக்க அவர்கட்கே இந்நிலை நேர்ந்ததெனின், புதியோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

புதியோர்க்கு மூன்று நாட் பயணம் ஏற்றது. முதல் நாள் விடியலில் தென் விளிம்பினின்று தென் கைபாப் வழியே இறங்கலாம். ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர்; இடையே குடிநீர் இல்லை. இரண்டாம் நாள் பிரைட் ஏஞ்சல் வழியே 8 கிலோமீட்டர் ஏறி, ஹவாசுபாய் தோட்டத்தில் தங்கலாம். எஞ்சிய 7 கிலோமீட்டரில் 900 மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்தான ஏற்றம் மூன்றாம் நாளுக்கு உரியது. இரவு தங்குதற்குப் பல திங்கள் முன்னரே இசைவு பெறல் வேண்டும். வழிகள் திறந்துள்ளனவா, குழாய்களில் நீர் வருகின்றதா என்பனவற்றையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

கோடையில் ஆற்றங்கரை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. எனவே, இளவேனிலும் இலையுதிர் காலமுமே தக்க பருவங்கள். வெயில் மிகுந்த நாளாயின், காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் இருத்தல் நன்று. நீரோடு உப்புச் சேர்ந்த உணவும் உண்ணல் வேண்டும். நீரையே மிகுதியாகப் பருகினால், குருதியில் உப்பின் அளவு குறைந்து உயிர்க்கே ஊறு நேரும். பழகிய காலணி, குறைந்த சுமை, முன்னரே படியேறிப் பெற்ற பயிற்சி ஆகியவை துணைபுரியும்.

இறங்கிய நேரத்தினும் இருமடங்கு ஏறுதற்கு வேண்டும் எனக் கணக்கிடுக. குழுவில் மெல்ல நடப்பவரின் நடையே அனைவர்க்கும் அளவு. ஒருவர் சோர்வுற்றால் பாதி வழியில் திரும்புதல் இழுக்கன்று. ஆற்றோரப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகட்கும் மேலாக அங்கே கிடக்கின்றன. அடுத்த ஆண்டு சென்றாலும் அவை அங்கேயே இருக்கும்.