காங்கேசன்துறை வீதியால் ஒரு பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறினேன். சுன்னாகம், மல்லாகம் கடந்து தெல்லிப்பழை. இடம்பெயர்ந்தபோது மூட்டை முடிச்சோடு இதே வீதியால்தான் நடந்தோம். மீளக்குடியேறிய பின் வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை. அதைப் பதியவே இந்தப் பயணம்.

“ஒரு பேருக்காக இவ்வளவு தூரமோ, பிள்ளை?” பக்கத்தில் இருந்த ஆச்சி கேட்டா.

“பேர் இல்லாட்டி எங்களைக் கணக்கெடுக்க மாட்டினம், ஆச்சி.”

1927இல் அக்னஸ் டி சில்வா முதலானோர் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து, டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியம் சொன்னார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே எதிர்த்தார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என்றது ஆணைக்குழு. ஆனால் 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார்.

குடாநாட்டுப் பெண்களோ காத்திருந்தார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் காங்கேசன்துறை உட்பட நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சகோதரிகளே, உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா? கிராம அலுவலரிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.