கட்டாத அணையின் விலை

சுவர் ஒன்று, வேலை மூன்று. வெள்ளத்தைத் தடுக்க வேண்டும், வயலுக்குத் தண்ணீர் தர வேண்டும், டர்பைனைச் சுற்றி மின்சாரமும் எடுக்க வேண்டும். அப்படியானால் சுவரில் போன சிமெண்டில் எத்தனை மூட்டை மின்சாரத்தின் கணக்கு, எத்தனை மூட்டை வெள்ளத்தின் கணக்கு? அபத்தமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குச் சுதந்திர இந்தியா தன் முதல் ஆண்டிலேயே சட்டம் போட்டு விடை எழுதியது. 1948ஆம் ஆண்டின் தாமோதர் பள்ளத்தாக்கு நிறுவனச் சட்டம், 33ஆம் பிரிவு. கணக்கர்களைத் தவிர வேறு யாரும் ஆசையாகப் படிக்கிற பகுதி அல்ல. ஆனால் மூன்று அரசுகளின் பணமும் லட்சக்கணக்கானோரின் மின் கட்டணமும் அந்தச் சில வரிகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

1943இல் தாமோதர் கரையை உடைத்துக்கொண்டு ஓடியதில் கல்கத்தாவின் ரயில் தொடர்பே துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அமைந்த விசாரணைக் குழுவில் விஞ்ஞானி மேக்நாத் சாஹாவும் இருந்தார். அமெரிக்காவின் டென்னஸி பள்ளத்தாக்கைப் பார் என்று வழி காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். டென்னஸியிலிருந்து வந்த வூர்டுயின் என்ற எஞ்சினியர் திட்டம் தீட்டிக் கொடுத்தார். அணையோடு சேர்ந்து அதன் கணக்கு முறையும் கப்பலேறி வந்துவிட்டது.

முறை இதுதான். மின்சாரத்துக்கு மட்டுமே பயன்படும் டர்பைன், மின்கம்பி போன்றவை மின்சாரக் கணக்கில் போகும். கால்வாய் பாசனக் கணக்கில். எல்லோருக்கும் பயன்படும் அணைச் சுவருக்குத்தான் தகராறு. ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனியாக ஓர் அணை கட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று முதலில் மதிப்பிட வேண்டும். அதில் அந்த நோக்கத்துக்கே உரிய செலவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிற தொகைகள் என்ன விகிதத்தில் இருக்கின்றனவோ, அந்த விகிதத்தில் கூட்டுச் செலவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். (பொதுச் செலவு என்பதைவிடக் கூட்டுச் செலவு என்பதுதான் சரியான சொல். பொது என்றால் என்னுடையது இல்லை என்று கை கழுவிவிட இடம் உண்டு.)

ஆக, கட்டிய அணையின் செலவைப் பங்கு போடுவது கட்டாத அணைகள். கற்பனை அணைக்கு மதிப்பீடு போடுவது யார்? நிறுவனமேதான் என்கிறது சட்டம்.

இந்த விளையாட்டு எவ்வளவு நெகிழ்வானது என்பதை டென்னஸியின் எண்களே சொல்லிவிடும். அங்கே 1930களில் போட்ட மதிப்பீட்டின்படி, தனித்தனியாகக் கட்டினால் படகுப் போக்குவரத்துக்கு 16.35 கோடி டாலர், வெள்ளத் தடுப்புக்கு 14.08 கோடி, மின்சாரத்துக்கு 25.01 கோடி. மொத்தம் 55.44 கோடி. மூன்றையும் சேர்த்துக் கட்டினால் 41.26 கோடிதான். மிச்சம் 14 கோடிக்கு மேல். இந்த மிச்சம் யாருக்கு? எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் என்றால் மின்சாரத்தின் பங்கு 18.6 கோடி ஆகிறது. மிச்சத்தை மூன்று சம பாகமாக்கினால் 20.3 கோடி. இரண்டையும் நியாயம் என்று வாதாடலாம். எப்படிப் பிரித்தாலும் யாரும் தனியாகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டவில்லை. கூட்டு உடையாமல் இருக்க அது போதும். ஆனால் நடுவில் 1.7 கோடி டாலர் நிற்கிறதே.

அங்கே சண்டை அதில்தான். அரசு மின்சாரத்தின் விலையைக் காட்டித் தனியார் மின் கம்பெனிகளை மட்டம் தட்டினார்கள் ரூஸ்வெல்ட்டின் ஆட்கள். அணைச் செலவை வெள்ளத்தின் தலையிலும் படகின் தலையிலும் கட்டிவிட்டு மலிவு என்கிறீர்களா என்று கேட்டன கம்பெனிகள். அவற்றின் தரப்பில் உரக்கப் பேசிய வெண்டெல் வில்க்கி 1940இல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலிலேயே நின்றார்.

நம் ஊரில் சண்டை வேறு மாதிரி. மின்சாரத்தின் முதலீட்டை மத்திய அரசு, அன்றைய பிகார், மேற்கு வங்கம் மூன்றும் சமமாக ஏற்க வேண்டும் என்றது 1948 சட்டம். வெள்ளத் தடுப்பில் ரூ. 14 கோடி வரை மத்திய அரசும் வங்கமும் பாதிப் பாதி. அதற்கு மேல் போனால் முழுதும் வங்கத்தின் பாடு. பலன் அனுபவிப்பவர் கொடுக்கட்டும் என்ற தர்க்கம்தான். வெள்ளம் பாய்வது வங்கத்தில், நீர்த்தேக்கங்களில் மூழ்கியது பெரும்பாலும் அன்றைய பிகாரில், இன்றைய ஜார்க்கண்டில். மூழ்கிய ஊர்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? 1959இல் பாஞ்சேத் அணையின் மின்நிலையத்தை நேரு முன்னிலையில் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்த சந்தால் பெண் புத்னி மேஜான், நேருவுக்கு மாலை போட்டதற்காகவே தன் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். அணைக்காக வீடு வாசல் இழந்தவர்களின் கணக்கில் வட்டி வேறு.

இன்று தாமோதர் நிறுவனத்தின் நீர்மின் திறன் 150 மெகாவாட்கூட இல்லை; அனல் மின்சாரமோ 6,000 மெகாவாட்டுக்கு மேல். நிலக்கரியில் எடுத்த மின்சாரத்தை வாங்கும் தொழிற்சாலைகளுக்கு நியாயமான ஒரு சந்தேகம் வந்தது: நிறுவனத்தின் மற்ற பணிகளுக்கு ஆகும் செலவை எங்கள் கட்டணத்தில் ஏன் ஏற்ற வேண்டும்? 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைத்த பிறகு இது வழக்காக வளர்ந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2007இல் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் நுகர்வோரின் அப்பீலைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வெள்ளத்திலிருந்து தப்பிய வயல்காரருக்கு யாரும் பில் அனுப்புவதில்லை, மீட்டர் வைத்திருப்பவருக்குத்தான் அனுப்ப முடிகிறது என்பதும் இதில் ஒரு காரணம்.

காகிதத்தில் பங்கு பிரித்த பின்னும் தண்ணீர் பிரிய மறுக்கிறது. வெள்ளத்தைத் தாங்க நீர்த்தேக்கம் காலியாக இருக்க வேண்டும்; மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நிரம்பியிருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் தென் வங்கம் மூழ்கியபோது, அணையைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்று மேற்கு வங்க முதல்வர் நிறுவனத்தின் மீது பாய்ந்தார். திட்டத்தின் முதல் கட்டமாகக் கட்டியவை திலையா, கோனார், மைதான், பாஞ்சேத் என்ற நான்கு அணைகள் மட்டுமே. மைதானிலும் பாஞ்சேத்திலும் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய உச்சி மட்டம் வரை நிலம் கையகப்படுத்தப்படவே இல்லை. அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கினால் மேலே இருக்கும் ஊர்கள் முழுகும். அதனால் சுவர் அத்தனை உயரம் இருந்தும் பெருவெள்ளத்தின்போது மதகுகளை முன்கூட்டியே திறக்க வேண்டியிருக்கிறது.