கேரி தீவு: கோலம் நம்முடையது, வாசல் யாருடையது?

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் வந்ததும் வலப்பக்கம் ஒரு சாலை பிரியும். அதில் போனால் லங்காட் ஆற்றின் மேல் ஒரு பாலம். அதைத் தாண்டினால் கேரி தீவு. தீவு என்றதும் வெள்ளை மணலும் நீலக் கடலும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சாலையின் இருபக்கமும் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனைதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தோட்டங்களையும் சதுப்பு நிலத்தையும் தாண்டி விளிம்புக்குப் போக வேண்டும். தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை வந்த பிறகு பூலாவ் இண்டா துறைமுகப் பக்கம் போகிற வாகனங்களும் தீவின் குறுக்கே பறக்கின்றன. பெரும்பாலானோர் இதை ஓர் ஊராகவே கவனிப்பதில்லை.

ஆனால் ஊர் இருக்கிறது. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத்தான் தீவு சுமந்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் நட்டார்கள். ரப்பருக்குப் பின்னால் நம் ஆட்கள் வந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் என்று நம் வாழ்க்கை இங்கே வேர்விட்டது. நமக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாழ்கிறவர்கள் மா மெரி பூர்வக்குடி மக்கள். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு மனிதர் என்று பொருள்.

என் சித்தி வீடு இந்தத் தீவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. சித்தி மகள் நண்டு மசாலா செய்து இணையத்தில் விற்கிறாள். சதுப்பு நிலத்து நண்டுக்கு இந்த வட்டாரம் பேர்போனது. பாலத்தருகே கடல் உணவு சாப்பிடவென்றே வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்த நண்டுக்கு ஏற்ற தூள் சித்தியின் கைப்பக்குவம். மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம் எல்லாம் தனித்தனியே வறுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு அரைப்பது. 200 கிராம் பொட்டலம் 12 வெள்ளி.

போன மாதம் நான் போயிருந்தபோது அவள் முகம் சரியில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் அம்மா அழைத்து, “என்னம்மா, இந்தத் தடவை தூள் வேற மாதிரி இருக்கே, சோம்பு வாசமே இல்லையே” என்று குறைபட்டிருக்கிறார். பொட்டலம் என்ன நிறம் என்று இவள் கேட்டிருக்கிறாள். சிவப்பு என்றிருக்கிறார். இவள் பொட்டலம் பழுப்புக் காகிதம். அந்த அம்மா வாங்கியது வேறு யாருடையதோ!

“எப்படி நடந்துச்சுன்னு பாருங்கண்ணே” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அவளுடைய விற்பனைப் பக்கம்தான். மேலே அவள் எடுத்த படம், அவள் எழுதிய விவரம், அவள் வாங்கிய நட்சத்திரங்கள். விரலால் ஒரு தள்ளு தள்ளினால், அதே பக்கத்தில் வரிசையாக ஆறு பொட்டலங்கள். ஆறும் வேறு விற்பனையாளர்களுடையவை. ஒன்றின் விலை 7 வெள்ளி 90 காசு. படத்தின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் ‘விளம்பரம்’ என்றிருந்தது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார். இவள் பக்கத்துக்கு வந்தவர், ஒரு தட்டலில் அடுத்தவர் பக்கத்துக்குப் போய்விட்டார்.

எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. உலகம் முழுக்கப் பெரிய இணையச் சந்தைகள் பலவற்றில் இதுதான் வழக்கம். அமேசானில், போட்டியாளரின் ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்திலேயே என் விளம்பரம் வரட்டும் என்று காசு கட்ட முடியும். ஈபேயில் ஒருவர் விற்கும் பொருளின் கீழே அதே மாதிரிப் பொருளை விற்கும் மற்றவர்களின் விளம்பரம் வருகிறது என்பது அங்குள்ள விற்பனையாளர்களின் பல வருடப் புலம்பல். மலேசியர்கள் அதிகம் புழங்கும் ஷாப்பி, லாசாடா இரண்டும் விற்பனையாளர்களுக்கு விளம்பர இடம் விற்கின்றன.

பெரும்பாலும் இது ஏலம் மாதிரி நடக்கிறது. ‘நண்டு மசாலா’ என்ற சொல்லுக்கு யார் அதிகம் தரத் தயார் என்று பார்த்து இடம் ஒதுக்குவார்கள். வாடிக்கையாளர் விளம்பரத்தைத் தட்டினால்தான் காசு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தட்டியதற்குக் காசு. ஒரு தட்டலுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் தட்டி ஒருவர் வாங்கினால், 12 வெள்ளிப் பொட்டலத்தில் 6 வெள்ளி விளம்பரத்துக்கே போய்விடும். மீதியில் மல்லி, மிளகாய், அரைவைக் கூலி, பொட்டலம், தளத்தின் கழிவு எல்லாம் பார்க்க வேண்டும். சித்தியின் கைக்கூலியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தன் பக்கத்தில் அடுத்தவர் விளம்பரம் வராமல் இருக்க, தன் பக்கத்திலேயே தான் விளம்பர இடம் வாங்கிப் போடும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்காரக் கட்டணம் கட்டுவது போல! தளங்களுக்கோ இது கொழுத்த வருமானம். அமேசான் 2023ஆம் ஆண்டில் விளம்பரத்தால் மட்டும் ஈட்டியது ஏறக்குறைய 4,690 கோடி அமெரிக்க டாலர். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் அந்நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், தேடல் முடிவுகளைக் கட்டண விளம்பரங்களால் நிரப்புகிறது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. நம் நாட்டிலும் மலேசியப் போட்டி ஆணையம் மின்னியல் பொருளாதாரம் பற்றிய தன் சந்தை ஆய்வில் இணையச் சந்தைகளையும் இணைய விளம்பரத்தையும் எடுத்துக்கொண்டது.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், தெங்கு கிளானா சாலையில் நடந்து பாருங்கள். சேலைக்கடைக்குப் பக்கத்தில் சேலைக்கடை, பலகாரக் கடைக்கு எதிரே பலகாரக் கடை. தீபாவளி நேரத்தில் ஐந்தடியில் நின்று, “வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க” என்று கூவாத ஆளில்லை. போட்டி என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் தவறே இல்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் நம் கடைக்குள் நுழைந்து, நாம் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, “அதே சேலை என்கிட்ட விலை கம்மி” என்று சொல்ல மாட்டார். சொன்னால் தெருவே கூடிவிடும். இணையத்தில் அதுதான் நடக்கிறது. அவரை உள்ளே விட்டது கட்டடத்துச் சொந்தக்காரர்!

சட்டம் என்ன சொல்கிறது? மிக நெருக்கமான வழக்கு ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்திய கன்சிம் இன்போ நிறுவனம், தன் பெயர்களைக் கூகிளில் தேடுகிறவர்களுக்குப் போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை சேவையை விவரிக்கும் பொதுவான சொற்கள், அவற்றைப் போட்டியாளர்களும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது அந்த முடிவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், கூகிள் வெறும் பார்வையாளர் அல்ல என்றது. ஆனாலும் வாங்குபவர் குழம்பாதவரை, அடுத்தவர் வணிகப் பெயரை விளம்பரச் சொல்லாக வைப்பது மட்டுமே மீறலாகாது என்றும் சொன்னது. மலேசிய நீதிமன்றத்தை இவை கட்டுப்படுத்தா. ஆனால் சித்தி மகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ‘நண்டு மசாலா’ என்பது ஊருக்கே பொதுவான பெயர். அதற்கு யாரும் வேலி போட முடியாது.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, சுங்கை பும்பூன் கிராமத்துக்குப் போனோம். மா மெரி மக்களின் மரச்சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை; சிலவற்றுக்கு யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரையும் கிடைத்திருக்கிறது. நீரே பத்து என்ற சதுப்புநிலத்து மரத்தில் செதுக்குகிறார்கள். மரம் செம்பழுப்பாக, கல் மாதிரிக் கனக்கிறது. மூதாதையர் ஆவிகளின் முகமூடிகள், சங்கிலியோடு கூடிய புலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அந்தப் புலியின் சங்கிலி ஒட்டியதோ கோத்ததோ அல்ல. ஒரே மரத்துண்டில் வளையம் வளையமாகக் குடைந்தெடுத்தது. பெண்கள் தாழை ஓலையில் பாயும் பையும் முடைகிறார்கள்.

ஒரு முகமூடியைக் கையில் வாங்கிப் பார்த்தால் விலை ஏன் அவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கனம் சொல்லும், உளித் தடம் சொல்லும். அதையே கட்டைவிரல் அகலப் படமாக்கி, பக்கத்தில் இயந்திரத்தில் செய்த ஒன்றைக் கால்வாசி விலையில் வைத்தால், கண்ணுக்கு விலை மட்டும்தான் தெரியும். மெதுவாகச் செய்கிற பொருளுக்குத்தான் இந்த விளம்பர வரிசை அதிகம் வலிக்கிறது. சித்தியின் தூளுக்கும் அதே கதிதான். சோம்பு வாசம் திரையில் வராது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருப்போம். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்போம், பின்னால் முருங்கை நட்டிருப்போம். ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்பது பல தோட்டங்களில் நம் குடும்பங்கள் பட்டறிந்த பாடம். கோலம் நம்முடையது, வாசல் தோட்டத்தினுடையது. இணையச் சந்தையில் நம் பக்கமும் அப்படிப்பட்ட வீடுதான். படம் நம்முடையது, விவரம் நம்முடையது, உழைத்து வாங்கிய நட்சத்திரமும் நம்முடையது. சுவர் மட்டும் அவர்களுடையது. அதில் யார் பலகை தொங்கும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

அதனால் அங்கே விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தீவிலிருக்கும் ஒரு பெண்ணின் தூளை ஜொகூரிலும் பினாங்கிலும் இருப்பவர்கள் கண்டுபிடித்ததே அந்தச் சந்தையால்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அடுத்தவர் பக்கத்தில் வரும் விளம்பரம் ஒரு வாய்ப்பாகவும் இருக்கும். ஆனால் தோட்டத்து வீட்டிலிருந்துகொண்டே வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்ட பெரியவர்களின் புத்தி இங்கேயும் வேண்டும். சித்தி மகள் இப்போது பொட்டலத்தில் சித்தியின் பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கிறாள். கீழே தன் தொலைபேசி எண். உள்ளே ஒரு சின்னச் சீட்டு: தூள் தீர்ந்தால் நேரே அழையுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறாள். பெயரும் நோட்டும் அவளுடையவை. யாரும் அவற்றுக்கு வாடகை கேட்க முடியாது.

வாங்குகிற நமக்கும் வேலை உண்டு. பிடித்த பொருளை மறுபடி வாங்கும்போது பொருளின் பெயரைத் தேடாமல் கடையின் பெயரைத் தேடுங்கள். காசு கட்டுமுன் கடைப் பெயரை ஒருமுறை படியுங்கள். படத்தின் ஓரத்தில் ‘விளம்பரம்’ என்ற அந்த எறும்பெழுத்தைப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். விலை குறைந்ததை வாங்குவது உங்கள் உரிமை; ஆனால் அதை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும், விரல் வழுக்கியதாக இருக்க வேண்டாம்.

வார இறுதியில் நேரம் கிடைத்தால் கேரி தீவுக்கே ஒரு நடை போய் வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் சுங்கை பும்பூனில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பாலத்தருகே வந்துவிடலாம். கையால் செய்த ஒரு பொருளை, செய்தவர் கையிலிருந்தே வாங்கிப் பாருங்கள். நடுவில் எந்தப் பலகையும் இருக்காது.