முதலில் படிக்க வேண்டிய வரி

ஃபெல்லோஷிப் அறிவிப்பு ஒன்று வந்ததும் ஆய்வு மாணவர்கள் முதலில் பார்ப்பது மாதத் தொகையை, அடுத்தது கடைசித் தேதியை. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு நிதி தேடித் தரும் வேலையில் ஊறியவர்கள் வேறு வரிசையில் படிப்பார்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியை முதலில் எடுத்து, வயது, சாதிச் சான்று, வருமானம், வசிப்பிடம், ஆய்வுக்குப் பதிவு செய்த தேதி என ஒவ்வொன்றையும் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கோப்போடு சரிபார்ப்பார்கள். ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். மும்பையில், அதுவும் தாராவியிலிருந்து வரும் தமிழ் மாணவர் விஷயத்தில், இந்த வரிசையை மாற்றவே கூடாது.

தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். பலர் பிறந்தது சயான் மருத்துவமனையில். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. மும்பையைத் தவிர வேறு ஊர் அறியாதவர்கள். ஆனால் மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்று வாங்க வேண்டுமானால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10 அன்றோ அதற்கு முன்போ இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் அது. அதற்குப் பிறகு தாத்தா ரயிலேறி வந்திருந்தால், பேத்தி இங்கேயே பிறந்து வளர்ந்தவளாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் தமிழ்நாட்டுப் பட்டியலைச் சேர்ந்தவள்.

இதை உறுதி செய்த வழக்கே மும்பையில் எழுந்ததுதான். ஆந்திரத்திலிருந்து வேலைக்காக மும்பை வந்த ஒருவரின் மகன், பழங்குடியினருக்கான மருத்துவ இடம் கேட்டு பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிக்கு எதிராக உச்சநீதிமன்றம் வரை போனார். ஒரு மாநிலத்தில் கிடைக்கும் பட்டியல் தகுதி, குடிபெயர்ந்தவரோடு அடுத்த மாநிலத்துக்கு வராது என்று 1990இல் தீர்ப்பானது. 2018இல் அரசு வேலை தொடர்பான வழக்கிலும் அரசியல் சாசன அமர்வு அதையே சொன்னது.

ஆய்வு மாணவருக்கு இதன் பொருள் மிக நேரடியானது. பூனாவில் இருக்கும் பார்ட்டி (BARTI) நிறுவனம் பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கு மகாராஷ்டிர அரசின் பணத்தில் ஃபெல்லோஷிப் தருகிறது. அதற்கு இந்த மாநிலத்தின் சாதிச் சான்றும், அதைச் சரிபார்த்துத் தரும் வேலிடிட்டி சான்றும் தேவை. தமிழ்நாட்டு அரசின் உதவிகளோ பெரும்பாலும் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கானவை. இரண்டு கதவும் மூடியிருக்கும்போது திறந்திருப்பது மத்திய அரசின் கதவு. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஃபெல்லோஷிப்புக்கு, பூர்வீக மாநிலத்தின் பட்டியலை வைத்துத் தரப்படும் சான்று செல்லும். தந்தைக்குச் சொந்த ஊரில் கொடுத்த சான்றைக் காட்டினால், இப்போது வசிக்கும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்கு அப்படியொரு சான்று தரலாம்.

ஆகவே எம்.ஏ. முதலாண்டு மாணவியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “அப்பாவோட சர்டிஃபிகேட் ஊர்ல இருக்கா, இங்க இருக்காம்மா?” என்பதுதான். அது ஊரில் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் இருக்குமானால் அந்த விடுமுறையிலேயே போய் எடுத்து வர வேண்டும். நாடார் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் பிற்படுத்தப்பட்டோருக்கான நான்-கிரீமி லேயர் சான்று வேண்டும். மாநில அரசின் படிவத்தில் இருப்பதை மத்திய அரசின் திட்டத்துக்குக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். படிவம் மத்தியப் படிவமாகவும், ஆண்டு நடப்பு ஆண்டாகவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல மூளைகள் பல இந்த இடத்தில்தான் ஓராண்டை இழக்கின்றன.

கிறிஸ்தவம் தழுவிய தலித் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். 1950 ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் கைகொடுத்துவந்தது சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப். 2022 டிசம்பரில் மத்திய அரசு அதை நிறுத்தியது. அந்த இடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை, நிரப்பப்பட வேண்டும்.

தலைப்பே தகுதியைத் தீர்மானிக்கும் சந்தர்ப்பமும் உண்டு. வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். தாராவித் தோல் தொழிலாளர்களைப் பற்றி லண்டனில் ஆய்வு செய்ய நினைக்கும் தாராவிப் பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டது. தன் மக்களைப் பற்றி ஆராய மிகத் தகுதியானவரைத் தடுக்கும் விதி இது. மாற்றப்பட வேண்டிய விதி. அதுவரை அந்தத் தலைப்போடு வருபவரை காமன்வெல்த், இன்லாக்ஸ் போன்ற வேறு வாசல்களுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

துறைக்குத் துறை பணம் இருக்கும் இடம் வேறு. மாட்டுங்காவில் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியபோது அங்கே நெசவு ரசாயனமும் ரசாயனப் பொறியியலும்தான் பாடங்கள்; சுற்றிலும் ஆலைகள் நிறைந்த ஊர். 1938இல் அதன் தலைமைக்கு வந்தவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். அவரே 1923இல் சென்னை அரசின் உதவித்தொகையில் மான்செஸ்டருக்குப் போய் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி பழகியவர். சாயங்களின் ரசாயனத்தில் உலகம் எடுத்துப் படித்த நூலை எழுதிய அந்த மனிதர், பின்னர் பூனா தேசிய ரசாயன ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். மாட்டுங்கா நிறுவனத்தில் முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அமைத்த அறக்கட்டளை இருக்கைகளும் ஃபெல்லோஷிப்களும் இன்றும் இருக்கின்றன. இதுபோன்ற துறைகளில் மாணவர் தனியாகப் பணம் தேட வேண்டிய தேவை குறைவு. கைடு வாங்கிய புராஜெக்டில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் இடம் காலியா என்று கேட்பதே சரியான முதல் அடி. பணம் வருவது பேராசிரியரின் பெயரில்.

சமூக அறிவியலில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மாணவரே தன் பெயரில் நிதி கொண்டுவர வேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் அடுத்த மூன்றாண்டு 42,000 ரூபாயும் வரும். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். ஆனால் களப்பணிக்கும் புத்தகத்துக்கும் கலைப்பிரிவு மாணவருக்கு முதல் இரண்டாண்டில் கிடைக்கும் செலவுத்தொகை வருடத்துக்கு 10,000 ரூபாய். தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் இடையே குடும்பங்களைத் தேடி அலையும் ஆய்வுக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே மாதச் சம்பளத்துக்கு ஒன்று, களப்பணிக்கு ஒன்று என இரண்டு நிதிகளைத் தேட வேண்டும். சமூக அறிவியல் ஆய்வுக்கு நிதி தர 1969இல் உருவான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அமைப்பின் மேற்கு மண்டல மையம் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்திலேயே இருக்கிறது. வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர். இருக்கிறது. கோட்டைப் பகுதி டவுன் ஹாலில் இருக்கும் ஆசியாட்டிக் சொசைட்டியும் ஆய்வாளர்களுக்கு ஃபெல்லோஷிப்கள் தருகிறது. அதை விசாரிக்கிறவர்கள் குறைவு. கலைகளைப் பற்றிய ஆய்வென்றால் பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளைக்குத் தமிழிலேயே எழுதி விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வாங்கும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்ணப்பம் எழுதும் கலைக்கு மும்பையிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1943இல் பெங்களூரிலிருந்த ஹோமி பாபா, இந்தியாவில் அடிப்படை இயற்பியல் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று ஜே.ஆர்.டி. டாடாவுக்கு எழுதினார். உறுதியான திட்டமாக எழுதித் தந்தால் அறக்கட்டளைகள் கவனிக்கும் என்ற பொருளில் பதில் வந்தது. 1944 மார்ச் 12 அன்று சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் தலைவர் சொராப் சக்லத்வாலாவுக்கு அவர் எழுதிய கடிதம் அந்தத் திட்டம். நாட்டில் இன்று என்ன இல்லை, அதை எங்கே யார் தொடங்க முடியும், இன்னும் இருபது ஆண்டு கழித்து அணுமின்சக்தி வரும்போது நிபுணர்களுக்காக வெளிநாட்டிடம் கையேந்தாமல் இருக்க இது எப்படி உதவும் என்று அது அடுக்கிச் செல்கிறது. அடுத்த ஆண்டே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் அப்சரா அணு உலை 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது.

தோராப்ஜியின் மனைவி மெஹர்பாய் பாபாவின் அத்தை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உறவு எல்லாருக்கும் வாய்க்காது. கடிதம் கட்டப்பட்டிருக்கும் முறையை எவரும் கற்கலாம். முதலில் ஒரு விசாரணைக் கடிதம், பிறகு முழுத் திட்டம். கொடுப்பவரின் நோக்கம் எதுவோ அதைத் தொட்டுப் பேசும் முதல் பத்தி. ‘இத்துறையில் போதிய ஆய்வுகள் இல்லை’ என்ற, எல்லா சினாப்சிஸிலும் வரும் வாக்கியத்தை அடித்துவிட்டு, எந்த ஆய்வு எந்த இடத்தில் நின்றது என்று எழுதினால் விண்ணப்பத்தின் முகமே மாறும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ராமானுஜன் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. பட்டம் இல்லாதவருக்கு விதியில் இடமில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணித ஆய்வைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்; விதி வளைந்தது. ஆளின் வேலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு இருக்கும் பலம், பதவி பெரிதென்று யாரிடமோ வாங்கும் கடிதத்துக்கு இராது. கடிதம் கேட்கும்போது ஆய்வுச் சுருக்கத்தையும் கடைசித் தேதியையும் மூன்று வாரம் முன்னதாகவே சாரிடமோ மேடத்திடமோ கொடுத்துவிட வேண்டும்.

நிதி ஆய்வுக்கு முன்னால் தீர்ந்துபோகும். இதை அறிந்தே திட்டமிட வேண்டும். அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது பரோடா அரசின் உதவியில்: மாதம் 11.50 பவுண்டு, மூன்றாண்டு, திரும்பி வந்து பத்தாண்டு சேவை என்ற ஒப்பந்தம். 1917இல் காலம் முடிந்து, லண்டன் படிப்பு பாதியில் நிற்கத் திரும்ப நேர்ந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக உழைத்துச் சேர்த்த பணம், கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவின் கடன் ஆகிய மூன்றையும் ஒட்டுப்போட்டு 1920இல் மறுபடி கப்பலேறினார். 1923இல் டி.எஸ்சி. பெற்றார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே ஒரே நிதி போதவில்லை.

தருபவரின் கை தயங்கினால் பெரிய நிறுவனமும் ஆடிப்போகும். செம்பூர் தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் தோராப்ஜி அறக்கட்டளையின் பணத்தில் உருவானது. 2024 ஜூன் இறுதியில், டாடா கல்வி அறக்கட்டளையின் தொகை வராத நிலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர், அலுவலர்களுக்குப் பணிநீக்கக் கடிதம் போனது. நிதி வரும் என்று உறுதி கிடைத்ததும் இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டது. மாணவர் நிலையில் இது இன்னும் கூர்மை. ஃபெல்லோஷிப் கிடைத்தும் மாதக்கணக்கில் கணக்கில் பணம் ஏறாமல், டியூஷன் எடுத்துக் காலம் தள்ளும் ஆய்வாளர்கள் எல்லா வளாகங்களிலும் இருக்கிறார்கள். வருகைச் சான்றும் கைடின் ஒப்புதலும் மாதாமாதம் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பதும் இந்த வேலையின் ஒரு பாதி.

இந்த அறிவு இப்போது சிலரின் தலைக்குள்ளும் சில வளாகங்களின் சீனியர்களிடமும் மட்டுமே இருக்கிறது. தேவ்னாரில் சேர்ந்த பிறகுதான் ஒரு மாணவிக்கு இது தெரியவருகிறது என்றால், சேரவே முடியாமல் போன அவளுடைய பக்கத்து வீட்டுத் தோழிக்கு யார் சொல்வது? ஃபெல்லோஷிப் வாங்கிய ஒவ்வொருவரும் தங்கள் வென்ற விண்ணப்பத்தின் படி ஒன்றையும், முடிந்தால் தோற்ற விண்ணப்பத்தின் படி ஒன்றையும், சொந்த விவரங்களை மறைத்துவிட்டு, தாங்கள் படித்த கல்லூரி நூலகத்துக்கோ தாராவியில் பிள்ளைகள் கூடிப் படிக்கும் அறைக்கோ கொடுத்து வையுங்கள். மாட்டுங்கா, சயான், செம்பூர்க் கல்லூரிகளின் தமிழ் ஆசிரியர்கள் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே ஒரு மாலை ஒதுக்கி, யாரிடம் எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை என்று பிள்ளைகளை உட்காரவைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.