இரண்டாம் நூலும் ஒரு சோடிக் காலணியும்



மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) எனக்கு மிகவும் பிடித்த நூல். காலத்தையும் வெளியையும் மடித்துக் கடந்து, சிறைப்பட்ட தந்தையை மீட்கும் மெக் என்னும் சிறுமியின் கதை அது. 1963இல் நியூபெரி விருது பெற்றது.

அந்த ஆவலோடு, பள்ளி விடுமுறையில் இரண்டாம் நூலான 'எ விண்ட் இன் த டோர்' (1973) படித்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. காலப்பயணத்தை எதிர்பார்த்தால், கதை நோயுற்ற தம்பியின் உயிரணுவுக்குள் நுழைகிறது. பிற்பகுதியில் பேச்சே மிகுதி. காட்சி கண்முன் விரியவில்லை. பெற்றோர் இதனைப் பிள்ளைகளிடம் முன்னரே சொல்லிவிடுவது நலம். காலப்பயணம் மூன்றாம் நூலில் (1978) மீண்டும் வருகிறது.

ஆயினும் ஓரிடம் என்னை நிறுத்தியது. மெக் வெறுக்கும் தலைமையாசிரியர் ஜென்கின்ஸ் உருவில் மூவர் நிற்கின்றனர். உண்மையானவரை அவள் கண்டறிய வேண்டும். ஏழை மாணவன் கால்வினுக்கு அவர் புதுக் காலணி வாங்கி, அவன் மனம் கூசாதிருக்கப் பழையதுபோல் ஆக்கிக் கொடுத்த செய்தி அவளுக்குத் துணை நிற்கிறது.

நான் பணியேற்ற முதலாண்டில், அழுக்கேறிய வெள்ளைக் காலணியோடு வந்த மாணவனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினேன். ஏன் கழுவவில்லை என்றுதான் கேட்டேன். கழுவி உலர்த்த மாற்றுக் காலணி உண்டா என்று கேட்கவில்லை.

மூன்று உருவங்களுக்கிடையே என்னை அடையாளம் காண நேர்ந்தால், அவன் எதை நினைவுகூர்வான்?