பொங்கலப்பாறையிலிருந்து திரும்பினோம்



தக்கலையில் எங்கள் மத்ரஸாவின் மாடியில் நின்றால் வேளிமலையின் முதுகு தெரியும். அம்ம ஜுஸ்உ ஓதும் பிள்ளைகள் அந்நபஉ அத்தியாயத்தில் மலைகளை முளைகளாக ஆக்கியதைக் கூறும் வசனத்திற்கு வரும்போது, அந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்டுவேன். இருபது ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் சிறுவன் ஒருவன், "உஸ்தாத், நீங்க மேலே போயிருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் அத்தோடு விட்டுவிட்டு அடுத்த வசனத்தை ஓதத் தொடங்கினான். என்னைத்தான் அந்தக் கேள்வி விடவில்லை.

இஷா தொழுகைக்குப் பின் பள்ளியின் திண்ணையில் அமர்ந்து பேசும் பழக்கம் எங்களில் ஐவருக்கு உண்டு. ஒருவர் பலசரக்குக் கடை நடத்துபவர், ஐம்பதைக் கடந்தவர், எங்கள் எல்லோருக்கும் காக்கா. இன்னொருவர் வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். மூன்றாமவர் இராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்தவர், இரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். நான்காமவன் என் பழைய மாணவன். மருந்தாளுநர் படிப்பை முடித்து மருந்துக் கடையில் வேலை செய்கிறான். மலைப் பேச்சை எடுத்தபோது, அகத்தியர்கூடத்திற்குப் போகலாம் என்றவன் அவன்தான். ஏற்கெனவே இருமுறை சென்றவன்.

பொதிகைத் தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிகரம் அது. தாமிரபரணியும், எல்லைக்கு அப்பால் நெய்யாறும் கரமனையாறும் அந்த மலைக்கூட்டத்தில்தான் பிறக்கின்றன. 2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் அகத்தியமலையைச் சேர்த்தது. ஏறும் வழி கேரளத்தின் போனக்காட்டிலிருந்து தொடங்குகிறது. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் கேரள வனத்துறை முன்பதிவு செய்தவர்களை நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு அனுப்புகிறது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வழிகாட்டி இன்றி நடக்க இயலாது. சிகரத்தில் அகத்தியர் சிலை இருப்பதால் பிற சமய அன்பர்கள் பலர் பக்தியோடு ஏறுகிறார்கள். அங்கு வாழும் காணி மக்களுக்கும் அது போற்றுதலுக்குரிய மலை. நாங்கள் போனது படைத்தவனின் படைப்பைப் பார்க்க. அவர்களுக்கு இடையூறின்றிப் பார்த்து வர வேண்டும் என்பதே எங்கள் நிய்யத்.

பயிற்சிக்காக டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொற்றையடிக்குச் சென்று மருந்துவாழ்மலையில் ஏறினோம். சிறிய மலைதான். நாராயண குரு தவமிருந்த குகை அங்கு இருப்பதால் பலரும் வந்துபோகும் இடம். மேலே நின்றால் ஒரு பக்கம் குமரிக்கடல், மறுபக்கம் தென்னையும் வயலும். காக்கா மூன்று இடங்களில் பாறைமேல் அமர்ந்துவிட்டார். மூன்றாவது முறை நான், "கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்குப் பாறையெல்லாம் நாற்காலியாகத்தான் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் அன்றே மறந்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் திண்ணை முழுவதும் பிக்ஹு வகுப்பாக மாறியது. கணுக்காலை மூடும் காலணி வாங்கியிருந்த வளைகுடா நண்பர், அதன்மேல் மஸஹு செய்யலாமா என்று கேட்டார். முழு உளூவோடு அணிந்ததாகவும், கழுவ வேண்டிய இடம் முழுவதையும் மூடியதாகவும், தண்ணீர் எளிதில் புகாததாகவும், நடந்து செல்லத்தக்க உறுதியுடையதாகவும் இருந்தால் பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு அனுமதி உண்டு. இடையில் கழற்றினால் பாதங்களைக் கழுவியாக வேண்டும் என்றேன். "அப்படியானால் கழற்றாமலே தூங்கிவிடுகிறேன்" என்றார். இரண்டு மர்ஹலாவைத் தாண்டிய பயணம் என்பதால் கஸ்ரும் ஜம்உம் செய்யலாம் என்பதில் ஷாஃபிஈகளாகிய எங்களுக்குத் தயக்கமில்லை. ஹனஃபியான இரப்பர் தோட்டக்காரர் மட்டும் தம் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டார். கிப்லாவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொன்னேன். நம் பகுதியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்தது. தை மாதத்துச் சூரியனோ மேற்கிலிருந்து தெற்கே விலகி மறைகிறது. மறையும் சூரியனை நோக்கித் தொழுகைக்கு நின்றால் பிழை சிறியதாக இராது.

பயணத்தில் மூவர் இருந்தால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ரியாளுஸ் ஸாலிஹீனில் பயண ஒழுக்கங்கள் பகுதியில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். நண்பர்கள் என்னையே அமீராக்க முனைந்தார்கள். வழி தெரிந்தவன், மலையாளம் சரளமாகப் பேசுபவன், மருந்தறிந்தவன் என்று என் மாணவனை முன்னிறுத்தினேன். என் பணிவை எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் நடை நீண்டது. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நடக்க வேண்டும். இடையில் வரும் பெயர்களே பாதையைச் சொல்லிவிடும்: அட்டையாறு, ஏழுமடக்கன்தேரி, முட்டிடிச்சான்தேரி. கடைசியாகச் சொன்னதில் ஏறுகிறவரின் முழங்கால் அவர் நெஞ்சிலேயே இடிக்கும். மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதுவரை மத்ரஸாவின் மாடிப்படியில் மட்டுமே அந்த சுன்னத்தைச் செய்து பழகியவன் நான். சத்தமாகத் தொடங்கிய என்னை வழிகாட்டி கையமர்த்தினார். பக்கத்துச் சரிவில் யானை இருந்ததாம். குரலை உயர்த்தித் தக்பீர் சொன்ன தோழர்களிடம், நீங்கள் அழைப்பவன் செவிடனுமல்லன், தொலைவில் இருப்பவனுமல்லன் என்ற பொருளில் நபியவர்கள் கூறியதும் அதே பாடத்தில்தான் வருகிறது. மெல்லச் சொன்னோம்.

தையில் அட்டை குறைவு என்பார்கள். ஆனால் முந்திய இரவு மழை பெய்திருந்ததால், ஆற்றின் பெயர் பொய்க்கவில்லை. அட்டை கடித்து இரத்தம் வந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாது. ஹனஃபி நூல்களிலோ அட்டையின் பெயரையே குறிப்பிட்டு, அது நிறைய உறிஞ்சியிருந்தால் உளூ முறியும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் இரப்பர் தோட்டக்காரர் தம் கணுக்காலிலிருந்து எடுத்த அட்டையை உள்ளங்கையில் வைத்து, இதன் வயிறு நிறைந்ததா இல்லையா என்று என்னிடம் ஃபத்வா கேட்டார். முன்னோர் எத்தனை ஆறுகளைக் கடந்து அந்த வரியை எழுதினார்களோ!

இரவு முகாமில் கஞ்சியும் பயறும் உண்டபின், குளிருக்குப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தோம். வளைகுடா நண்பர் முந்திய குளிர்காலத்தில் குடும்பத்தோடு காஷ்மீரத்தின் குல்மார்க் சென்று வந்தவர். அங்கே கம்பிவட வண்டி கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. சுற்றுலாப் பயணிகள் பனியில் விளையாடிவிட்டு இறங்கிவிடுவார்கள். பனிச்சறுக்கில் தேர்ந்தவர்கள் மட்டும் வேலியையும் கொடியையும் தாண்டி, யாரும் சமன்செய்யாத அபர்வத் மலைச் சரிவுகளில் குழுவாகச் சறுக்கிச் செல்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அங்கே பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் இறந்துபோனார்கள். நண்பருக்கு அறிமுகமான காஷ்மீரி வழிகாட்டி ஒருவர் தம் பையைத் திறந்து காட்டினாராம். மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவி. அது இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நீண்ட கோலால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். முதல் 15 நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அதன்பின் நம்பிக்கை விரைவாகக் குறையும். கீழிருந்து உதவி வருமுன் காலம் கடந்துவிடும்; உடன் வந்தவரே காப்பாற்றியாக வேண்டும். ஆகவே நல்ல குழுக்களில் ஒரு வழக்கம் உண்டாம்: எவர் ஒருவர் "திரும்பலாம்" என்றாலும் எல்லோரும் திரும்புவார்கள், காரணம் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, பலவீனர்களை நடத்தி, தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காக துஆச் செய்வார்கள் என்ற செய்தியை அந்த வழக்கத்தோடு இணைத்துக் கால்மணி நேரம் பேசினேன். அருமையான பயான் என்றார்கள். காக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஸுப்ஹு தொழுது, காலை உணவை அவசரமாக முடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம். பொங்கலப்பாறையை அடைந்தபோது மேகம் விலகிச் சிகரம் கண்ணெதிரே நின்றது. அதன்பின் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய பாறைகள். நான் கயிற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மாணவனின் குரல் கேட்டது. காக்கா ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தார். குளிர்காற்றில் அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கைகள் நடுங்கின, பெயர் கேட்டால் கடையின் பெயரைச் சொன்னார். மாணவன் நொடியும் தாமதிக்காமல் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினான். சற்றுப் பொறுத்துப் பேரீச்சம்பழம் கொடுத்தான். கால்மணி நேரத்தில் காக்கா எங்களை அடையாளம் கண்டு பேசத் தொடங்கினார்.

வழிகாட்டி சொன்னார்: நான் ஒருவரோடு இவரைக் கீழே கொண்டுபோகிறேன், மற்றவர்கள் பின்னால் வரும் குழுவோடு சேர்ந்து போய்வரலாம். அந்த 'மற்றவர்கள்' என்ற சொல்லுக்குள் நான் உடனே நுழைந்துகொண்டேன். "அப்படியே செய்வோம், நாங்கள் மூவர் போய்விட்டு வந்துவிடுகிறோம்" என்றேன்.

"எல்லாரும் எறங்கிருவோம் உஸ்தாத்" என்றான் மாணவன். "வழியில திரும்பவும் மயக்கம் வந்தா தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்."

அவர்தான் தெளிந்துவிட்டாரே என்றேன். அனுமதி மீண்டும் கிடைக்க ஓராண்டு ஆகும் என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் முன்னால் ஏழு வயதில் அலிஃப், பே ஓதியபோது தவறிவிட்டால் நின்றதைப் போலவே நின்றான். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் என் பக்கம் வந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். அமீர் என்று நாங்கள் அவனுக்குக் கொடுத்திருந்த பெயர் அந்த இடத்தில் என் நாக்கின் நுனியில் தொங்கியது.

நான் அடங்கியதற்குத் தக்வா காரணமன்று. காக்கா பேசிவிட்டார். "என்னாலதானே இப்படி ஆச்சு. எல்லாரும் பொருந்திக்கிடுங்க" என்றார். அதைக் கேட்டபின் ஏறுவதற்குக் கால் எழவில்லை.

இறங்கும் வழியில் அவருக்குப் பின்னால் நடந்தேன். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் சொன்னார். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. மருத்துவரிடம் அதைச் சொல்லாமலே சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, நாங்கள் காத்திருப்பதைக் கண்டு, பாதி உணவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். பாதையில் தலை சுற்றத் தொடங்கியும் உட்காரவில்லை.

"ஏன் காக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"உட்கார்ந்தா சிரிப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. விலை கேட்டவருக்கு விலை சொல்வதைப் போலச் சொன்னார்.

முகாம் வரை நான் பேசவில்லை. முந்திய இரவு பலவீனர்களைப் பற்றி நான் பேசியபோது அவர் ஏன் திரும்பிப் படுத்தார் என்பது ஏழுமடக்கன்தேரியில் இறங்கும்போதுதான் புரிந்தது.

விதுரையில் ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினோம். மனிதனின் ஹக்கை அந்த மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். "மருந்துவாழ்மலையில நான் சொன்னதைப் பொருந்திக்கிடணும் காக்கா" என்றேன்.

"எதைச் சொல்றீங்க உஸ்தாத்?" என்று கேட்டார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, தெரியாததுபோல் கேட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை எல்லோர் முன்னிலையிலும், கல்லாப்பெட்டி, நாற்காலி உட்பட, மறுபடியும் முழுமையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கேட்டு முடித்து, தேநீரை ஆற்றிக்கொண்டே, "பொருந்திட்டேன்" என்றார்.

அடுத்த முன்பதிவு தொடங்குமுன் காக்கா மருத்துவரிடம் சென்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். சான்றிதழ் கிடைக்கவில்லை. நாங்களும் பதிவு செய்யவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஸுப்ஹு தொழுதுவிட்டு மருந்துவாழ்மலைக்குப் போகிறோம். மாணவனின் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். காக்கா முன்னால் நடக்கிறார். அவர் உட்காரும் பாறையில் நாங்களும் உட்கார்ந்துகொள்கிறோம்.