கோபாலபுரத்து ஆகாயம்

சென்னைப் பட்டணத்தில் ஒருவன் "நக்ஷத்திரங்களைப் படம் பிடிக்கிறேன்" என்று சொன்னால், "எந்த ஸ்டூடியோவில்?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் கோபாலபுரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் நியாயமுண்டு. கூப்பிடு தூரத்தில் ஜெமினி மேம்பாலம் இருக்கிறது. ஜெமினி என்றால் ஆகாயத்திலுள்ள மிதுன ராசி என்பது அந்தப் பாலத்தைத் தினம் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

நான் பள்ளிக்கூட வாத்தியார். பத்து வருஷங்களுக்கு மேலாக எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், துணி உலர்த்தும் கொடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே முக்காலியை நிறுத்தி, அதன்மேல் காமிராவை வைத்து வானத்தை நோக்கித் திருப்புவேன். முதல் நாள் முப்பது வினாடி திறந்து வைத்து எடுத்த படத்தில் நக்ஷத்திரம் ஒன்றுகூட விழவில்லை. ஆறிப்போன காப்பியின் நிறத்தில் ஓர் ஆகாயம் மாத்திரம் விழுந்திருந்தது.

பிறகுதான் தொழிலின் நுணுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை வீதம் சுழல்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் பத்து வினாடிக்கு மேல் திறந்து வைத்தால், புள்ளியாக இருக்க வேண்டிய நக்ஷத்திரம் கோடாக இழுபடும். ஆகவே, பத்து வினாடிப் படங்களாக நூறு எடுத்துக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். சந்தைக் கூச்சலில் நூறு பேர் நூறு விதமாய்க் கத்தினாலும், ஒருவன் மட்டும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது காதில் விழுந்துவிடுகிறதல்லவா? அது போலவே காமிராவின் இரைச்சல் படத்துக்குப் படம் மாறி அடங்கிப் போகிறது. நக்ஷத்திரம் மட்டும் தன் இடத்தில் நின்று தலைகாட்டுகிறது.

ஆனால் எத்தனை படம் அடுக்கினாலும் தெருவிளக்கின் பிரகாசத்தை வெல்வது கடினம். முன்பு மஞ்சள் நிற ஸோடியம் விளக்குகள் இருந்தன. இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவற்றின் ஒளியில் நீலம் அதிகம். பகலில் ஆகாயம் நீலமாயிருப்பது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால் இந்த நீல ஒளியும் காற்றில் அதிகமாகச் சிதறி, ஊர்மேல் ஒரு போர்வையாக விரிந்துவிடுகிறது.

2016-ஆம் வருஷம் டிஸம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் அடித்துப் பட்டணத்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததே, நேயர்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் சாயங்காலம் எங்கள் தெரு முழுவதும் இருட்டு. ஊருக்குத் துன்பம்தான், என்றாலும் திருட்டு சந்தோஷத்துடன் காமிராவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால், கிழக்கே மேகங்களின் இடுக்கில் பூர்ணசந்திரன்! மனிதன் விளக்கை அணைத்த அன்றுதானா சந்திரன் விளக்கேற்ற வேண்டும்? சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

எங்கள் மாடியிலிருந்து வடக்கே இரண்டு மைல் தூரம்கூட இராது நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு. அங்கே, வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் வளவுக்குள் பதினைந்தடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே கட்டிய வான ஆராய்ச்சிசாலையின் மிச்சம் அது. ஆயிரம் வருஷத்துக்குப் பின் வரும் ஜனங்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று, பிரிட்டிஷாரின் தாராள புத்தியினால் ஆசியாவில் கணித சாஸ்திரம் முதன் முதலாக நடப்பட்ட செய்தியை அதில் செதுக்கி வைத்தார்கள். ஆரியபடர் பிறந்த தேசத்தில் இப்படி எழுத அவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. அதைத் தமிழிலும் எழுதி வைத்தார்களே, அந்த உபகாரத்துக்கு நன்றி சொல்லலாம்.

அந்தக் கல்லுக்குப் பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. அதே ஆராய்ச்சிசாலையில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-ல் ஆகாயத்தின் தென்கோடியில், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்று இன்றும் அதற்குப் பெயர். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்த அதிசயத்தைச் சாமானிய ஜனங்களுக்கு விளக்கிப் புஸ்தகம் எழுதியவரும் அவரே. அந்த நக்ஷத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாதது. சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கே தொடுவானத்துக்குமேல் பதினான்கு பாகைக்கு மேல் அது ஏறுவதே இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே என்றால், ஏறக்குறைய எங்கள் கோபாலபுரத்து ஆகாயம்! அவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பிய அந்த மூலையில் இன்று எனக்குத் தெரிவதெல்லாம் விளம்பரப் பலகைகளின் ஜோதிதான்.

இருட்டைத் தேடி ஒரு கோடை விடுமுறையில் ஜவ்வாது மலைக்குப் போனேன். அங்கே காவலூரில், வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வேலை செய்து வருகிறது. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் சாலையின் ஓரத்தில் என் முக்காலியை நிறுத்தினேன். கோபாலபுரத்தில் நூறு படத்தில் கிடைக்காதது அங்கே முதல் பத்து வினாடியில் கிடைத்தது. தெற்கே திரிசங்கு நேராக நின்றது. நள்ளிரவுக்குப் பின் ஆகாச கங்கை மலை முகட்டின்மேல் புகைபோல எழுந்தது. வெகு நேரம் காமிராவை மறந்து நின்றேன்.

ஊருக்குத் திரும்பி அந்தப் படத்தை வகுப்பில் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "ஸார், இது கம்ப்யூட்டரில் வரைந்ததா?" என்றான். இன்னொரு பெண், "கார்த்திகை நக்ஷத்திரம் என்பது நிஜமாகவே மேலே இருக்கிறதா, ஸார்? காலண்டரில் போடுவதற்காக வைத்த பெயர் என்று நினைத்தேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷந்தோறும் கார்த்திகைத் தீபம் ஏற்றும் வீட்டுக் குழந்தை அது.

அன்று மாலையே எங்கள் குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசியிடம் போய், மாடி விளக்குகளுக்கு மூடி போட வேண்டும் என்று கேட்டேன்.

"வாத்தியார் ஸார், திருடன் வந்தால்?" என்றார் பெரியவர்.

"திருடன் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லையே, மாமா! விளக்கு தரையைப் பார்த்தால் போதாதா?" என்றேன்.

நாலு தகர மூடிகள். செலவு முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

தை அமாவாசை இரவு ஏழெட்டுக் குழந்தைகள் பெற்றோருடன் மாடிக்கு வந்தார்கள். கார்த்திகை ஏறக்குறைய உச்சியில் இருந்தது. கண் இருட்டுக்குப் பழகும்வரை கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். முதலில் மங்கலாக ஒரு திட்டு. பிறகு, "மூன்று" என்றது ஒரு குரல். "நாலு, ஸார்!" என்றாள் அந்தப் பெண். ஐந்தாவதைத் தேடி அவள் வெகு நேரம் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றாள். ஆறையும் அன்று யாரும் பார்க்கவில்லை. தெருவிளக்குக்கு நான் மூடி போட முடியாதல்லவா?

கூவம் சுத்தமாக எத்தனை காலம் பிடிக்குமோ, தெரியாது. ஆனால் அழுக்கடைந்த ஆகாயம், விளக்கைத் தாழ்த்திய அந்த விநாடியே சுத்தமாகிவிடுகிறது. நேயர்கள் இன்றிரவு ஒரு தடவை மாடிக்குப் போய்த் தங்கள் வீட்டு விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதென்று கவனிக்க வேண்டுகிறேன்.